கேஸ் தொகுப்பைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய சிக்கல்களையும் அவற்றின் தீர்வுகளையும் கேஸ்களாகச் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டு பதில் சொல்லும் கணினி முறைதான் சி.பி.ஆர். அந்த அமைப்பு கெட்டுப்போவது வெளியில் தெரியாது. கணினி நிற்காது, பிழைச் செய்தி வராது. கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பதில் வந்துகொண்டேதான் இருக்கும். முதல் வருடம் பொருத்தமாக வந்த பதில்கள் மூன்றாம் வருடம் ஏன் தப்பாகப் போகின்றன என்று யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்: உள்ளே சேர்த்து வைத்த கேஸ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. கேஸ் பேஸ்டு ரீசனிங், சுருக்கமாக சி.பி.ஆர்., விதிகளை எழுதி வைத்து இயங்கும் முறை அல்ல. முன்பு வந்த சிக்கலையும் அதற்குப் பலித்த தீர்வையும் ஒரு கேஸாகச் சேமித்து வைக்கிறோம். புதிய சிக்கல் வந்தால் அதற்கு நெருக்கமான பழைய கேஸைத் தேடி எடுக்கிறோம். 1994-இல் ஆமொட், பிளாசா என்ற இருவர் இதை நான்கு வேலைகளாகப் பிரித்தார்கள்: தேடி எடுத்தல், பயன்படுத்துதல், திருத்துதல், சேமித்தல். நான்காவதில்தான் வினை தொடங்குகிறது. வந்ததையெல்லாம் சேமித்தால் தொகுப்பு பெருத்துவிடும். பெருத்த தொகுப்பு நல்ல தொகுப்பு என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ரைனார்ட்ஸ், இக்லெசாக்கிஸ், ரோத்-பெர்கோஃபர் ஆகிய மூவர் 2001-இல் இந்தச் சுழற்சியில் மேலும் இரண்டைச் சேர்த்தார்கள்: சேமித்ததை மறுபடி பரிசோதித்தல், பழுதானதைச் சீராக்குதல். இந்த வழிகாட்டி அந்த இரண்டைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத் தோட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயிகள் அலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும் ஓர் ஆலோசனை மையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் இயந்திரப் பழுதுகளுக்கு இப்படி ஒரு தொகுப்பு வைத்திருப்பவர்களும் பயிரின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

படி 1: எது கேஸ், எது வெறும் கேள்வி?

முதலில் ஒரு கேஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பயிர், ரகம், வயது, அறிகுறி, அது செடியின் எந்தப் பாகத்தில், பாசனம், மாதம், ஊர், நோய் இன்னது என்ற கணிப்பு, சொன்ன ஆலோசனை. இவற்றை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போவது கடைசி மூன்று: ஆலோசனை பலித்ததா, அதை யார் உறுதி செய்தார், எந்தத் தேதியில். விளைவு எழுதாத பதிவை நான் கேஸ் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வந்த கேள்வியும் போன பதிலும் மட்டும்தான். அவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். தேடலில் கலக்க வேண்டாம்.

இன்னொன்று. தப்பான பதில் வந்தவுடன் கேஸ்தான் தப்பு என்று அழிக்கப் போகாதீர்கள். சி.பி.ஆர். அமைப்பில் அறிவு நான்கு இடங்களில் இருக்கிறது என்று ஜெர்மானியர் மைக்கேல் ரிக்டர் 1995-இல் பிரித்துக் காட்டினார்: விவரிக்கும் சொற்கள், ஒப்புமையை அளக்கும் முறை, கேஸ்கள், பழைய தீர்வைப் புதிய சிக்கலுக்கு ஏற்ப மாற்றும் விதிகள். ஒருவர் "இலை முடங்குது" என்றும் இன்னொருவர் "இலை சுருளுது" என்றும் எழுதி, கணினி இரண்டையும் வேறு வேறு அறிகுறியாக எடுத்துக்கொண்டால், பழுது சொற்களில் இருக்கிறது. அறிகுறியைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மாதத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்துக்கொண்டு அறிகுறியைப் பின்னால் தள்ளினால், பழுது ஒப்புமை அளவில். இந்த இரண்டையும் பார்த்து முடித்த பிறகு கேஸ்களில் கை வையுங்கள்.

படி 2: ஒவ்வொரு கேஸும் யாருக்கு உதவுகிறது என்று கணக்கெடுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

தொகுப்பிலிருந்து ஒரு கேஸை வெளியே எடுங்கள். அதன் சிக்கலை மட்டும் புதிய கேள்வி போல மீதித் தொகுப்பிடம் கேளுங்கள். சரியான தீர்வு வருகிறதா? எந்தக் கேஸ் அதைக் கொடுத்தது? குறித்துக்கொண்டு, எடுத்ததை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கேஸுக்கும் இரண்டு பட்டியல் கிடைக்கும். இந்தக் கேஸால் தீரக்கூடிய மற்ற கேஸ்கள் எவை. அதற்குக் கவரேஜ் என்று பெயர். இந்தக் கேஸைத் தீர்க்கக்கூடிய மற்ற கேஸ்கள் எவை, அது ரீச்சபிலிட்டி. பாரி ஸ்மித், மார்க் கீன் இருவரும் 1995-இல் கொண்டுவந்த கணக்கு இது. இன்றுவரை இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஆறே ஆறு தக்காளிக் கேஸ்களை வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, இரண்டு, மூன்று: நட்டு ஒரு மாதம் சுமார் ஆன செடிகள், இலை முடங்கல். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் என்று கணிப்பு. நோய்ச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, மஞ்சள் ஒட்டுப்பொறி, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது என்று ஆலோசனை.

நான்கு: காயின் அடிப்பகுதி கருத்து அழுகல். தண்ணீர் ஒரு நாள் அதிகம், நாலு நாள் இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. பாசனத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னது.

ஐந்து: இலையில் கொப்புளம் போன்ற சுரங்கம், காயில் ஊசித் துளை. டூட்டா அப்சலூட்டா புழு.

ஆறு: ஏப்ரல் வெயில், அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடித்திருக்கின்றன, செடி குட்டையாகவில்லை, மஞ்சளும் இல்லை. வெப்பத்தாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் வந்தது, நோயே இல்லை, எதையும் அடிக்க வேண்டாம் என்று ஆலோசனை.

இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கேளுங்கள். முதல் மூன்றும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. நான்கும் ஐந்தும் துணையில்லாத ஒற்றைக் கேஸ்கள். வெளியே எடுத்தால் சரியான பதில் சொல்ல ஆளில்லை. ஆறாவதற்கு நெருக்கமாக நிற்பவை முதல் மூன்று. ஆகவே "வைரஸ், செடியைப் பிடுங்கு" என்ற தப்பான பதில் வருகிறது. ஆறில் மூன்று சரி, மதிப்பெண் ஐம்பது சதவீதம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தப்பாக வந்த மூன்று கேஸ்களையும் தூக்கிவிட்டால் மீதி மூன்றும் ஒன்றையொன்று தீர்த்து மதிப்பெண் நூறு சதவீதமாகிவிடும்! அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தொகுப்புக்குத் தெரிந்த நோய் உலகத்தில் ஒன்றே ஒன்று. காய் அழுகினாலும் புழு துளைத்தாலும் அது இலைச்சுருட்டு என்றுதான் சொல்லும். ஆக, இந்தச் சோதனையில் தோற்கும் கேஸ்தான் பல நேரம் தொகுப்பின் விலைமதிப்பில்லாத கேஸ். மதிப்பெண்ணை அழிப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; எங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மித்தும் கீனும் இதற்காகவே கேஸ்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். தன் சிக்கலைத் தீர்க்க வேறு கேஸே இல்லாதது ஆதாரக் கேஸ். நம்முடைய நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் இந்த வகை. தான் தீர்ப்பதையெல்லாம் இன்னொரு கேஸும் தீர்த்துவிடும் என்றால் அது உபரிக் கேஸ். மற்றவை ஆளும் இரண்டு பகுதிகளை இணைத்து நிற்பது பாலக் கேஸ். ஒரே பாலமாகக் கூட்டமாக நிற்பவை கூட்டுக் கேஸ்கள். அதில் ஒன்றை எடுத்தால் நட்டமில்லை, எல்லாவற்றையும் எடுத்தால் பாலம் விழும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் வரிசை இதுதான்: முதலில் உபரி, பிறகு கூட்டு, பிறகு பாலம். ஆதாரக் கேஸ் கடைசி.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. இதுவரை வந்த சிக்கல்கள் இனி வரப்போகும் சிக்கல்களின் சாயலில்தான் இருக்கும் என்று அது நம்புகிறது. மழைக்காலத்தில் தொடங்கிய தொகுப்பு கோடை வெயிலைப் பார்த்ததே இல்லை. ஒரு முழு வருடம் ஓடாத தொகுப்பில் எதையும் அழிக்காதீர்கள்.

படி 3: இரட்டைகளும் முரண்களும்

ஒரே விவசாயி காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் பேசி, ஒரே விஷயம் இரண்டு கேஸாகப் பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்கிவிடலாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரே நோயைச் சொன்னால் அது வேறு. அவை பத்தும் சாட்சிகள். பத்தையும் ஒரு கேஸாக இணைத்து, எத்தனை முறை வந்தது, எத்தனை முறை பலித்தது என்ற எண்ணிக்கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

முரண் என்பது ஒரே அறிகுறிக்கு இரண்டு கேஸ்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வது. இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று தப்பாக இருக்கலாம். இரண்டுமே சரியான மாற்று வழிகளாக இருக்கலாம். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது, கண்டுபிடித்தால் லாபமும் அதிகம்: இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு விவரத்தை நாம் கேட்கவே இல்லை. நம் மூன்றாவது கேஸையும் ஆறாவதையும் "இலை சுருண்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் கணினிக்கு அவை ஒன்றுதான். "வெள்ளை ஈ இருக்கிறதா", "குருத்து இலையா, அடி இலையா", "செடி வளர்ச்சி நின்றிருக்கிறதா" என்று மூன்று புலங்களை, அதாவது கேஸில் நிரப்ப வேண்டிய விவரங்களை, சேர்த்துப் பாருங்கள். முரண் காணாமல் போய்விடும். கேஸை அழித்திருந்தால் இந்தக் கேள்விகளும் சேர்ந்து அழிந்திருக்கும்.

ஒரு கேஸுக்குள்ளேயே இருக்கும் முரண்களுக்குச் சிறு விதிகள் போதும். மாமரத்தில் பூப் பருவத்தில் வரும் தத்துப்பூச்சிக்கான கேஸில் மாதம் ஜூலை என்று இருந்தால் கணினி நிறுத்திக் கேட்கட்டும். இங்கே அந்த மாதத்தில் செந்தூராவும் பெங்களூராவும் பறித்து மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் போய்விடும். மருந்தின் அளவை மட்டும் மிகக் கண்டிப்பாகப் பாருங்கள். "2 மில்லி" என்று எழுதியிருக்கும். லிட்டருக்கா, டேங்குக்கா? பத்து லிட்டர் டேங்க் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். டேங்கே 16 லிட்டராகவும் இருக்கலாம். அளவை எப்போதும் லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று ஒரே முறையில் மாற்றிப் பதியுங்கள். அலகு தெரியாத கேஸை, அதை எழுதியவரைக் கேட்டுத் தெளிவாகும்வரை தேடலிலிருந்து விலக்கி வையுங்கள்.

படி 4: தப்பையும் அரிதையும் பிரித்தல்

பக்கத்திலுள்ள கேஸ்களோடு ஒத்துப்போகாத கேஸைத் தூக்கிவிடும் முறை 1972-இல் வில்சன் காட்டியது; இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. பதிவு செய்யும்போது நேர்ந்த பிழைகளை அது நன்றாகவே துடைக்கும். கூடவே நம் ஆறாவது கேஸையும் துடைத்துவிடும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதது தப்பு என்று அதற்கு எண்ணம்.

சாரா ஜேன் டெலனி, பாட்ரிக் கன்னிங்கம் இருவரும் 2004-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் வேலை செய்தது வேண்டாத மின்னஞ்சல்களை வடிகட்டுவதில். தனக்குத் தப்பான பதில் வாங்கும் கேஸைப் பிடிக்காமல், மற்ற கேஸ்களுக்குத் தப்பான பதில் வரக் காரணமாக இருக்கும் கேஸைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கேஸுக்கும் அது யாருக்கு உதவியது என்ற பட்டியலோடு யாரைக் கெடுத்தது என்ற பட்டியலும் சேர்கிறது. நிறையப் பேரைக் கெடுத்த கேஸிலிருந்து தொடங்க வேண்டும். அதை எடுத்தால், அது இதுவரை சரியாகத் தீர்த்துக்கொண்டிருந்தவை தொடர்ந்து சரியாகத் தீர்கின்றனவா? தீர்ந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அது இருக்கட்டும்.

பயிர் ஆலோசனை மாதிரி விஷயத்தில் இதையும் தானாக ஓடவிடக் கூடாது என்பது என் கருத்து. மின்னஞ்சலில் தப்பு நடந்தால் ஒரு குப்பைக் கடிதம் உள்ளே வரும். இங்கே தப்பு நடந்தால் ஒருவர் நல்ல செடியைப் பிடுங்கிப் போடுவார். கணினி சந்தேகப் பட்டியலைத் தரட்டும், முடிவை ஆள் எடுக்கட்டும். பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகக் கேஸ்களை ஒன்றிரண்டாகக் கொண்டுபோய்த் தொந்தரவு செய்யாமல், சேர்த்து வைத்துப் படங்களோடு ஒரே தடவையில் காட்டிக் கேளுங்கள். பதில் சொன்னவர் பொறுப்பையும் தேதியையும் கேஸிலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: வயதான கேஸ்கள்

பழைய கேஸ் என்பதாலேயே அது கெட்ட கேஸ் ஆகிவிடாது. அதன் எந்தப் பகுதி காலாவதியானது என்று பாருங்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. அதற்கு முந்தைய கேஸ்களில் அந்த மருந்து ஆலோசனையாக இருந்தால் ஆலோசனை செத்துவிட்டது. ஆனால் அறிகுறியும் கணிப்பும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆகவே கணிப்பையும் ஆலோசனையையும் ஆரம்பத்திலேயே தனித்தனிப் புலமாக வையுங்கள். மருந்துப் பெயரைக் கேஸுக்குள் எழுத்தாக எழுதாமல் ஒரு தனி மருந்துப் பட்டியலோடு இணையுங்கள். நாளை ஒரு மருந்து தடை செய்யப்பட்டால் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும், அதைச் சொல்லும் எல்லாக் கேஸும் அந்த நிமிடமே எச்சரிக்கை காட்டும். எந்த மருந்தை எந்தப் பயிருக்கு அனுமதித்திருக்கிறார்கள் என்பதை மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் வெளியிடுகின்றன. அதை வைத்தே இந்தப் பட்டியலைச் சரிபாருங்கள்.

புதிய பூச்சி வரும்போது நடப்பது இதைவிட நுணுக்கமானது. அமெரிக்கன் படைப்புழு இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் 2018-இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் பதிவான மக்காச்சோளக் கேஸ்களில் "குருத்தில் ஓட்டை" என்று இருந்தால் கணிப்பு பெரும்பாலும் தண்டு துளைப்பான். அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அதே இரண்டு சொல்லோடு ஒருவர் கேட்டால் அந்தக் கேஸ் அவரைத் தப்பான வழியில் அனுப்பிவிடும். படைப்புழு என்றால் இலை கந்தலாகியிருக்கும், குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடக்கும். அந்த எச்சத்தைப் பற்றிப் பழைய கேஸ்கள் எதுவும் பேசாது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கேஸ்களை அழிக்காமல், அந்தப் புலம் "தெரியாது" என்று குறித்து, தேடலில் அவற்றுக்குத் தரும் முக்கியத்துவத்தைக் குறையுங்கள். தக்காளியில் டூட்டா அப்சலூட்டா இந்தியாவுக்குள் வந்தது 2014-இல். அதற்கு முந்தைய இலைச்சுரங்கக் கேஸ்களுக்கும் இதே வைத்தியம்.

படி 6: வாசலில் ஒரு காவல்

உள்ளே வந்ததைச் சுத்தம் செய்வதைவிட வரும்போதே பார்ப்பது மலிவு. தொகுப்பால் ஏற்கெனவே சரியாகத் தீர்க்க முடிந்த சிக்கலைப் புதுக் கேஸாகச் சேர்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். தீர்க்க முடியாமல் தோற்றதைச் சேருங்கள். 1991-இல் ஆஹா, கிப்ளர், ஆல்பர்ட் மூவரும் இதைச் சோதித்தபோது ஒரு பக்கவிளைவும் தெரிந்தது: தோற்றதை மட்டுமே சேர்த்தால் பிழையான பதிவுகள் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகின்றன, ஏனென்றால் பிழையானதுதான் எதோடும் ஒத்துப்போகாது. அதனால் புதுக் கேஸைக் கொஞ்ச காலம் காத்திருப்பில் வைத்து, அது நல்ல பதில் தருகிறதா என்று பதிவேட்டைப் பார்த்துப் பிறகு உள்ளே விடுவது அவர்கள் கண்ட வழி.

காத்திருப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மருந்து பலிக்காதவர் மறுபடி கூப்பிட்டுச் சண்டை போடுவார். பலித்தவர் தக்காளி விலையைப் பார்க்கப் போய்விடுவார். நீங்களாகத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்காவிட்டால் தொகுப்பில் தோல்விகள் மட்டுமே விளைவோடு நிற்கும். கூப்பிடுவதற்கு ஒரு ஆளையும் ஒரு நாளையும் ஒதுக்கிவிடுங்கள், வேறு வழியில்லை.

படி 7: எப்போது, எதைக் கொண்டு

லீக், வில்சன் (முன்பு சொன்ன வில்சன் அல்ல, வேறொருவர்) என்ற இருவர் 1998-இல் பராமரிப்பு முறைகளை வகைப்படுத்தியபோது நேரத்தையும் ஓர் அளவாக வைத்தார்கள்: குறித்த காலத்தில் செய்வது, ஏதாவது நடந்தால் செய்வது, தோன்றியபோது செய்வது. மூன்றாவதை நம்பாதீர்கள். மாமரக் கேஸ்களைப் பூப்பதற்கு முன் நவம்பரில் ஒருமுறை பாருங்கள். தக்காளி வருடம் முழுவதும் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையில், ஒரே கேஸின் ஆலோசனை தொடர்ந்து இரண்டு மூன்று பேருக்குப் பலிக்கவில்லை என்றால் உடனே.

வேகத்துக்காக அழிப்பது தேவையில்லை. 1980-களின் கடைசியில் கணினிகள் திணறின. கணினி கற்றதில் ஒரு பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே செயல்திறன் கூடியது என்று மார்க்கோவிச், ஸ்காட் இருவரும் 1988-இல் எழுதினார்கள். இன்றைக்குச் சில ஆயிரம் கேஸ்களைத் தேடுவது சாதாரண மடிக்கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. அழிக்க ஒரே நியாயமான காரணம் அந்தக் கேஸ் தப்பான பதிலுக்கு இட்டுச்செல்கிறது என்பதுதான்.

சில நூறு கேஸ்கள் என்றால் விரிதாளே போதும். பெரிதாகிவிட்டால் மாட்ரிட் கொம்ப்ளுடென்சே பல்கலைக்கழகத்தின் ஜெகொலிப்ரி என்ற சி.பி.ஆர். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; பராமரிப்பு முறைகள் சிலவற்றை அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சாட்பாட்டுக்குப் பழைய கேஸ்களைத் தேடிக் கொடுத்துப் பதில் சொல்ல வைக்கலாம் என்று இப்போது பலர் இறங்குகிறார்கள். செய்யுங்கள், ஆனால் தொகுப்பு கெட்டிருந்தால் அதே தப்பு இன்னும் அழகான தமிழில் வரும், அவ்வளவுதான்.

கடைசியாகச் செய்முறை. வேலையைத் தொடங்குமுன் தொகுப்பை அப்படியே நகலெடுத்துத் தேதியிட்டு வையுங்கள். தொகுப்பில் சேராத, பதில் உறுதியாகத் தெரிந்த கேள்விகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரிய நோய்களும் கட்டாயம் இருக்கட்டும். மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகப் பாருங்கள். நீக்கும் கேஸை நிரந்தரமாக அழிக்காமல் "ஓய்வு" என்று குறித்துத் தேடலிலிருந்து மறையுங்கள். யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஒரு நோய்க்காவது முன்பு சரியாக வந்த பதில் இப்போது வரவில்லை என்றால், ஓய்வு கொடுத்தவற்றில் அந்த நோய்க்கான கேஸ்களை முதலில் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள், பிறகு மறுபடி கேட்டுப் பாருங்கள்.